36 வரியும் ஒரு கையெழுத்தும்

இலங்கையில் வாக்குப் போடுவது எனக்கு இரண்டு நிமிட வேலை. கட்சிக்கு நேரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்குக்கு மூன்று இலக்கம், விரலில் மை. சுவிஸ் பிரஜாவுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் பாராளுமன்றத் தேர்தல் 2023 ஒக்டோபர் 22 அன்று. அதே நினைப்பில்தான் தபாலில் வந்த உறையைப் பிரித்தேன்.

உள்ளே தாள் தாளாக ஒரு கட்டு. பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை நசியோனால்ராட். 200 பேர் கொண்ட அதில் சூரிச் மாநிலத்துக்கு 36 ஆசனம். கட்சிகளின் ஒவ்வொரு வேட்பாளர் பட்டியலுக்கும் பெயர்கள் அச்சிட்ட ஒரு தாள். கூடவே 36 வரியும் வெறுமையாக ஒரு தாள். இத்தனையிலும் ஒன்றைத்தான் அனுப்பலாம். புள்ளடிக்கு இங்கே வேலையே இல்லை. பிடிக்காத பெயரைப் பேனையால் வெட்டலாம், பிடித்தவரை இரண்டு தரம் எழுதலாம், வேறு கட்சிக்காரரையும் கொண்டுவந்து சேர்க்கலாம். ஆனால் சேர்த்த ஆளுக்குரிய வாக்கு அவருடைய கட்சிக் கணக்கில் ஏறிவிடும். இது பிடிபடவே எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.

குசினி மேசையில் இருந்து ஒரு பெயரை எழுதினேன். அவருக்கே இரண்டாவது வாக்கும் கொடுக்க, கீழ் வரியில் 'மேற்படி' என்று இரண்டு சின்னக் கோடு போட்டேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அதை எண்ண மாட்டினம். முழுப் பெயரையும் எழுதுங்கோ."

வழிகாட்டியைப் புரட்டினால் அவள் சொன்னது சரி. நீட்டு நீட்டான ஜேர்மன் பெயர்களை இலக்கத்தோடு திரும்ப எழுதிக் கை நொந்தது. மேற்சபையான ஸ்டெண்டெராட்டுக்குத் தனித்தாள், அதில் இரண்டு பெயர்தான், நிமிடத்தில் முடிந்தது. உறையை ஒட்டி, அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

"வாக்காளர் அட்டையில கையெழுத்து வச்சனீங்களோ?"

வைக்கவில்லை! தபாலில் அனுப்பும்போது கையெழுத்து இல்லாவிட்டால் வாக்குச் செல்லாது. உறையைக் கத்தியால் கீறித் திறந்து கையெழுத்துப் போட்டேன். அதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது, இனித் தபாலை நம்ப ஏலாது. சரி, ஞாயிறு காலை நேரே போய்ப் போடலாம் என்று விட்டுவிட்டேன். வாக்குச்சாவடியில் வரிசையும் இல்லை, பொலிசும் இல்லை. அட்டையைக் கொடுத்துத் தாள்களைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் நவம்பர் 19க்கு இன்னோர் உறை வந்தது. ஸ்டெண்டெராட்டின் ஓர் இடத்துக்கு இரண்டாம் சுற்று. முதலில் கையெழுத்து, பிறகு ஒரே ஒரு பெயர். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.