500 வீடு சேர்ற வரைக்கும் நல்லெண்ணெய் மட்டும்தான்

கடைக்கு புதுசா யார் வந்தாலும் முதல்ல விலை கேப்பாங்க, அடுத்த கேள்வி "தேங்காண்ணெய் இல்லீங்களா?"தான். ஈரோடு பக்கம் நானும் வீட்டுக்காரரும் மரச்செக்கு வெச்சிருக்கோம், அதுல நல்லெண்ணெய் மட்டும்தான் ஆட்டறோம். மாசாமாசம் திரும்பி வந்து வாங்குற வீடு 500 சேரணும், அதுதான் எங்க ஒரே குறி. அதுவரைக்கும் வேற எதுவும் வேண்டாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்.

கவனம் சிதறுதுன்னா ஒழுங்கா வேலை பாக்காததாலனு நெனைக்கறாங்க, சின்ன தொழில்ல அப்படி இல்லீங்க. நம்ம மேல பிரியமா இருக்கற கஸ்டமர்தான் "உங்ககிட்டன்னா நம்பி வாங்கலாம், தேன் வெச்சு குடுங்க, சோப்பு போடுங்க, கடலை எண்ணெயும் ஆட்டுங்க"னு கேப்பாங்க. அந்த நம்பிக்கைக்கு முன்னாடி இல்லன்னு சொல்றதுதான் ரொம்ப கஷ்டம்.

ஆனா செக்குக்கு பக்கத்துல நின்னு பாத்தா கணக்கு வேற. எள்ளு ஆட்டின உரல்ல அப்படியே கொப்பரைய போட்டா தேங்காண்ணெய்ல எள்ளு வாசம் ஏறிரும், உரல் உலக்கைய எல்லாம் சுத்தம் பண்ணணும், முதல் தடவ ஆட்டறத தனியா ஒதுக்கணும், மறுபடி எள்ளுக்கு மாறும்போது திரும்பவும் இதே வேலை. அதுல பாதி நாள் போயிரும், கூலி மட்டும் முழுசா குடுத்தாகணும்.

பணமும் அப்படித்தான். 1 லிட்டர் நல்லெண்ணெய்க்கு சுமாரா 2.5 கிலோ எள்ளு வேணும், கூட கருப்பட்டி. மாசிப்பட்டத்து எள்ளு வைகாசி, ஆனி வாக்குல அறுப்புக்கு வரும், சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ஏலத்துக்கு மூட்டை மூட்டையா வந்து எறங்கும். அந்த நேரத்துல கையில காசு இருந்தாத்தான் நல்ல எள்ளா பாத்து எடுக்க முடியும். நம்ம காசு தேன் பாட்டில்லயும் சோப்புலயும் லேபிள் பிரிண்ட்லயும் முடங்கி கெடந்தா, வரத்து கொறைஞ்சப்பறம் கெடைக்கற எள்ள சொல்ற விலைக்கு வாங்கணும். புண்ணாக்கு வித்து வர்ற காசு கொஞ்சம் கைகொடுக்கும், ஆனா அத வெச்சு சீசன சமாளிக்க முடியாதுங்க.

அருண் ஐஸ்க்ரீம், ஆரோக்யா பால் விக்கற ஹட்சன் கம்பெனிய ஆரம்பிச்ச சந்திரமோகன் அவர்கள பத்தி படிக்கறப்ப எனக்கு இதுதான் மனசுல நிக்கும். 1970ல 13,000 ரூபாயோட சென்னை ராயபுரத்துல குச்சி ஐஸ் வியாபாரம் ஆரம்பிச்சவர். பெரிய கம்பெனிங்க இருந்த எடத்துல போய் மோதாம காலேஜ் ஹாஸ்டல், கேன்டீன்னு புடிச்சு வளந்தாரு. பால் பக்கம் வந்தது 90கள்லதான். ஐஸ்க்ரீம்க்கு பால்தான் மூலப்பொருள், பால் விக்கலாம்னு ஆசை முன்னாடியே வந்திருக்கும்னுதான் எனக்கு தோணுது, இருந்தும் அத்தன வருஷம் ஒரே பொருள்ல நின்னிருக்காரு.

ஏன் வீடு கணக்கு, டர்ன்ஓவர் வெச்சுக்கலாமேன்னு தம்பி கேட்டான். டர்ன்ஓவர் நம்மள ஏமாத்திரும்டா. தீபாவளிக்கு எண்ணெய் குளியல், கார்த்திகைக்கு வெளக்கு, அப்பல்லாம் யார் கடையிலயும் விக்கும். ஒரு ஹோட்டல்காரர் மொத்தமா கேட்டா நம்பர் ஒரே மாசத்துல ஏறிரும், ஆனா கடன் சொல்லுவாங்க, அவசரமும் படுத்துவாங்க. ஆட்டின எண்ணெய வெயில்ல வெச்சு, கசடு அடியில தங்கினதுக்கு அப்பறம்தான் தெளிவா எடுக்கணும், அதுக்கு நாள் வேணும். அவசரத்துக்கு அத கொறைச்சா அடுத்த மாசம் வீட்டுக்காரங்க வரமாட்டாங்க.

அதனால எது வந்தாலும், கண்காட்சி ஸ்டால் ஆகட்டும் இன்ஸ்டால வீடியோ போடறதாகட்டும், திரும்பி வர்ற வீடு இதால கூடுமான்னு மட்டும்தான் பாக்கறோம். ஸ்டால் வேண்டாம்னு விட்டுட்டோம். அதுக்கு பதிலா எண்ணெய் தீர்ற நேரம் பாத்து ஒவ்வொரு வீட்டுக்கும் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், "அக்கா, எண்ணெய் இருக்குங்களா, குடுத்து விடட்டுங்களா?" அவ்வளவுதான், இதுல வர்ற ஆர்டர்தான் எங்களுக்கு அதிகம்.

தேங்காண்ணெய் கேக்கறவங்கள வெறுங்கையோட அனுப்பறதில்ல, நல்லா ஆட்டற எடம் எதுன்னு சொல்லி அனுப்பறோம். 500 சேந்ததும் கடலை எண்ணெய்க்குன்னு தனியா இன்னொரு செக்கு போடலாம்னு இருக்கோம், இந்த செக்குல எப்பவும் எள்ளு மட்டும்தான்.