கேப்டன் பெயருக்கு வந்த டெலக்ஸ்

எண்ணெய்க் கப்பலில் நான் ரேடியோ ஆபீசராக இருந்தபோது, தந்தி மாதிரி அச்சாகி வரும் அந்த டெலக்ஸ் கேப்டன் பெயருக்குத்தான் வந்தது. எண்ணெய் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பம்ப்மேனின் அம்மா இறந்துவிட்டார், சமயம் பார்த்துச் சொல்லவும் என்று கம்பெனி அனுப்பியிருந்தது. வளைகுடாவில் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாக ஐரோப்பா போய்க்கொண்டிருந்தோம். "இப்போ சொல்லி அவன் என்ன செய்யப் போறான்? கரை வரட்டும்" என்றார் கேப்டன்.

சாயங்காலம் பம்ப்மேன் ரேடியோ ரூம் வாசலில் வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கம், என்னைவிட வயதில் மூத்தவர். "ஊர்ல இருந்து ஏதும் வந்துச்சா சார்?"

"உங்களுக்கு ஒண்ணும் வரலை அண்ணாச்சி."

பொய் சொல்லவில்லை. ஒருவருக்கு வந்த செய்தியை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. செய்தி வந்திருக்கிறது என்பதைக்கூட வெளியிடக்கூடாது. சர்வதேச ரேடியோ விதி அது. கேப்டன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எண்ணெய் வாயு தேங்கும் பம்ப் ரூமுக்குள் மனம் கலங்கிய மனிதரை இறக்குவது ஆபத்து.

ஆனால் எல்லாம் இந்த வேகத்தால் வந்தது என்றும் தோன்றும். மோர்ஸில் என்றால் கரை நிலையமான பாம்பே ரேடியோவின் டிராஃபிக் லிஸ்டில், அதாவது செய்தி காத்திருக்கும் கப்பல்களின் பட்டியலில், நம் கப்பலின் அடையாளக் குறியான கால்சைன் வருகிறதா என்று காதைத் தீட்டிக் காத்திருந்து, முறை வந்ததும் எழுத்தெழுத்தாக எடுக்க வேண்டும். கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொடர்பு தரும் இன்மார்சாட் 1982 பிப்ரவரியில்தான் சேவையைத் தொடங்கியிருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது 1976இல் ஏவிய மாரிசாட் செயற்கைக்கோள். அதை வாடகைக்கு எடுத்துத்தான் நடத்தினார்கள். கப்பல் எப்படி உருண்டாலும், உச்சியில் குடை மாதிரி மூடிய கூண்டுக்குள் ஜைரோவின் தயவில் டிஷ் அதையே பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் தொடாமலே பிரிண்டர் தானாகத் தடதடவென்று அடிக்கும். அம்மா இறந்த செய்தியை அப்படித்தான், அடிக்க அடிக்கப் பக்கத்தில் நின்று படித்தேன்.

போன் பேச வேண்டுமென்றாலும், செயற்கைக்கோள் அழைப்பைக் கரையில் வாங்கும் ஜப்பானின் யாமகுச்சி நிலையத்தை நொடியில் பிடிக்கலாம். அப்போது நிமிடத்துக்குப் பத்து டாலர் வாக்கில் ஆகும், அதையும் நானே கொடுத்திருப்பேன். அவர் ஊரில் போன் இல்லை. தெரிந்திருந்தாலும் யாரோடு பேசியிருப்பார்?

இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே இன்னொன்றும் வரும். பேச ஆளில்லை என்றால் துக்கம் அனுசரிக்கவும் உரிமை இல்லையா? அன்று ராத்திரி அவர் மெஸ்ஸில் உட்கார்ந்து எல்லோரோடும் சிரித்துப் பேசினார். அங்கே சாப்பிட்ட எத்தனையோ பேரில் எனக்கும் கேப்டனுக்கும் மட்டும்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

ராட்டர்டாமில் கேப்டன் கூப்பிட்டுச் சொன்னார். டெலக்ஸின் தலைப்பில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தாரா, வாயால் சொன்னதோடு சரியா என்று நான் கேட்கவில்லை. பம்ப்மேன் ஊருக்குக் கிளம்பும்போது என்னிடமும் வந்து சொல்லிக்கொண்டுதான் போனார். கோபம் தெரியவில்லை. தேதியைப் பார்த்திருந்தால் வந்திருப்பாரா என்பதை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.