சிலையைக் கெடுப்பது தண்ணீர்தான்

பத்துமலை முருகன் சிலை 140 அடி. 2006 ஜனவரியில் திறந்தார்கள். 1,550 கன மீட்டர் கான்கிரீட், 250 டன் கம்பி, தாய்லாந்திலிருந்து 300 லிட்டர் தங்கநிற பெயின்ட் என்று செய்திகளில் வந்த கணக்கு. வகுத்துப் பார்த்தால் கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ கம்பி. அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குப் பழகிய அளவுதான். அவ்வளவு பெரிய உருவத்தை நிற்க வைப்பது பொறியாளர் வேலை, அதற்கு வழி தெரியும். கோலாலம்பூர் மாதிரி மழை ஊரில் பெரிய சிலைகள் கெடுவது வேறு இடத்தில்: விரல் நுனி, கிரீடத்தின் பூ, மாலையின் விளிம்பு.

காரணம் எளிது. திறந்தவெளியில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். மார்பிலும் தோளிலும் அது கிடைக்கும். விரலில் எங்கே கிடைக்கும்? 10, 15 மில்லிமீட்டர் பூச்சுதான் நிற்கும். ஈரம் உள்ளே போனதும் கம்பி துருவேறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், பூச்சைப் பிளக்கும். வெடிப்பில் சிமெண்ட் பூசி மூடுவது வீண் செலவு. துருப்பிடித்த கம்பியின் பின்பக்கம் வரை கொத்தியெடுத்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்த பிறகே மூட வேண்டும். புதுச் சிலையென்றால் மெல்லிய பாகங்களுக்கு ஸ்டெயின்லெஸ் கம்பியும் வலையும் போடுவதே சரி. விலை கூடும், ஆனால் அந்தப் பாகங்களுக்கு ஆகும் எடை குறைவு.

அடுத்தது தேங்கும் நீர். மடிப்பு, உள்ளங்கை, பீடத்தின் மேல்பரப்பு எல்லாம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும். நீட்டிய கையின் அடியில் 10 மில்லிமீட்டர் காடி (நீளமான சிறு பள்ளம்) ஒன்று வெட்டினால் நீர் அங்கேயே சொட்டிவிடும், உடம்பில் கறுப்புக் கோடு விழாது. உள்ளே வெற்றிடமுள்ள சிலைக்குக் கீழே வடிகால் துளையும் மேலே காற்றுத் துளையும் வேண்டும். துளையின் வலை அடைத்துக்கொண்டால் ஏடிஸ் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த கதைதான்.

பெயின்ட் விஷயத்தில் அவசரம்தான் எதிரி. திறப்பு விழா தேதி முதலில் குறிக்கப்படும், சிமெண்ட் அதற்குள் காயாது. 28 நாளாவது காயவிடாமல் பெயின்ட் அடித்தால், சிமெண்டிலுள்ள காரம் (ஆல்கலி) மேலே வந்து எண்ணெய்ப் பெயின்டைச் சோப்பு மாதிரி ஆக்கிவிடும். காரம் தாங்கும் அடிப்பூச்சு கட்டாயம். தங்க நிறத்துக்கு வெண்கலப் பொடி கலந்தது சில காலத்தில் மங்கும்; மைக்கா நிறமி அப்படிக் கறுக்காது.

பினாங்கில் கதை வேறு. ஜார்ஜ்டவுன் சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் 52 வைக்கப்பட்டன. இப்படிப்பட்ட வேலைக்குக் கடல் காற்றின் உப்புதான் பகை, அது முதலில் பிடிப்பது வெல்டிங் இணைப்பை. பழைய செங்கல் சுவரில் விரியும் போல்ட் அடித்தால் செங்கல் பிளக்கும். வலைக் குழாயோடு ரெசின் பசை ஊற்றிப் பதிக்கும் ஆணிதான் பிடிக்கும். கம்பியைச் சுவரோடு ஒட்டாமல் 20 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தினால் மழைநீர் இடையில் தங்காது, சுண்ணாம்புச் சுவரில் துருக்கறையும் குறையும்.

இடிதாங்கியை மறக்கக் கூடாது. கோலாலம்பூரும் அதைச் சுற்றிய ஊர்களும் உள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் அதிகம். உச்சியிலிருந்து தரை வரை கம்பி தொடர்ந்து இணைந்திருக்கிறதா என்று கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். தரை மின்தடை 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. கூடவே, கயிறு கட்டி இறங்க ஸ்டெயின்லெஸ் கொக்கிகளையும் அப்போதே பதித்துவிடுங்கள். பின்னாளில் பெயின்டைவிடச் சாரம் கட்டுவதற்குத்தான் அதிகப் பணம் போகும்.