மாகாண எல்லைகளை ஆண்டுப் பட்டியலாகப் படிக்காதீர்கள்

1833, 1845, 1873, 1886, 1889. இலங்கை மாகாணங்களின் வரலாற்றை உயர்தர மாணவர் பலர் இப்படித்தான் மனனம் செய்கிறார்கள். உயர்தரத்திலும் பிறகு போட்டிப் பரீட்சைக்கும் இதே பாடத்தைப் படித்த எனக்கு ஒரு கேள்விதான் கைகொடுத்தது: இந்த நிலப்பகுதி முன்பு எந்த மாகாணத்தில் இருந்தது?

1833 வரை முன்னைய கண்டி இராச்சியத்தின் பிரதேசங்களுக்குத் தனி நிர்வாகம் இருந்தது. பிரித்தானிய அரசு அனுப்பிய கோல்புறூக் குழுவின் சிபாரிசுப்படி தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களானபோது அந்தப் பிரதேசங்கள் சிதறின. நுவரகலாவிய வடக்கோடும், தமன்கடுவ கிழக்கோடும், ஏழு கோறளை மேற்கோடும், சப்ரகமுவவும் கீழ் ஊவாவும் தெற்கோடும் சேர்க்கப்பட்டன. செலவைக் குறைத்து ஒரே சீரான ஆட்சி நடத்துவது நோக்கம். கண்டியரின் தனித்த அடையாளத்தைத் தளர்த்துவதும் அதில் அடங்கியிருந்தது. இந்தக் காரணத்தை எழுதாத விடை அரைகுறை விடைதான்.

வெற்று வரைபடம் ஒன்றை எடுத்து, இப்படிப் பிரிந்துபோன பகுதிகளுக்கு மட்டும் நிறம் தீட்டிப் பாருங்கள். பின்னர் வந்த நான்கு மாகாணங்களும் பெரும்பாலும் அந்த நிறத்துக்குள்ளேயே அமைவது தெரியும். ஏழு கோறளையோடு புத்தளமும் சிலாபமும் சேர்ந்து 1845இல் வடமேல்; ஆளுநர் கிரெகரி காலத்தில் 1873இல் நுவரகலாவியவும் தமன்கடுவவும் சேர்ந்து வடமத்தி, 1886இல் ஊவா, 1889இல் சப்ரகமுவ. இதைக் கண்டுகொண்ட பிறகு ஆண்டுகள் தாமாகவே மனதில் தங்கின. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுவே.

மாவட்டங்களுக்கு இவ்வளவு உழைப்புத் தேவையில்லை. அம்பாறை 1961, கம்பஹாவும் முல்லைத்தீவும் 1978, கிளிநொச்சி 1984, அத்தோடு மொத்தம் 25 மாவட்டங்கள்.

கவனம் தேவைப்படுவது 1987க்குப் பிந்திய பகுதிக்கு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாணத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையைக் கொடுத்தது. அதுவரை கச்சேரி எனப்பட்ட மாவட்ட அரச அலுவலகமும் அரசாங்க அதிபருமே மக்கள் அறிந்த நிர்வாகம். 1988இல் வடக்கும் கிழக்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைக்கப்பட்டன. 2006இல் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து 2007 தொடக்கத்தில் பிரிந்தன. ஆகவே மாகாண சபைகளின் எண்ணிக்கையைக் கேட்டால், வினா எந்த ஆண்டைக் குறிக்கிறது என்று முதலில் பாருங்கள். இணைந்திருந்த காலத்தில் வடக்குக்கும் கிழக்குக்கும் சேர்த்து ஒரே சபை என்பதால் விடை எட்டு.