டெக்சஸில் கூட்டுறவுக் கரண்டும் கூரைமேல் சோலாரும்

டாலஸில் அபார்ட்மெண்டில் இருந்தவரை கரண்ட் கம்பெனியை நாங்களேதான் தேர்ந்தெடுத்தோம். 2002-லிருந்து டெக்சஸின் பெரும்பகுதியில் அப்படித்தான்: ஒப்பந்தம் முடிந்ததும் எவன் குறைவாகத் தருகிறான் என்று பார்த்து அடுத்தவனிடம் போய்விடலாம். ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பகுதியில் வீடு வாங்கி வந்தபிறகு அந்த வேலையே இல்லை. இங்கே கம்பம், கம்பி, மீட்டர், பில் எல்லாமே ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தினுடையது. இணைப்பு வாங்கினாலே நாம் உறுப்பினர். ஆளுக்கு ஓர் ஓட்டு, இயக்குநர்களை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம், செலவு போக மிஞ்சுவது உறுப்பினர் கணக்கில் ஏறி என்றாவது ஒருநாள் செக்காகவோ பில்லில் கழிவாகவோ திரும்பி வரும். ஈரோட்டுப் பக்கம் பால் சொசைட்டி பார்த்து வளர்ந்த எனக்கு இது உடனே பிடிபட்டது, பால் ஊற்றுகிறவருக்கு ஆண்டுக் கடைசியில் போனஸ் வருகிற மாதிரிதான்.

இந்தச் சங்கங்கள் வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குக் கரண்ட் இருந்தது, கிராமங்களில் பத்தில் ஒரு வீட்டுக்குத்தான். மைலுக்கு இரண்டு மூன்று வீடு இருக்கிற இடத்தில் கம்பி இழுத்தால் லாபமில்லை என்று தனியார் கம்பெனிகள் விட்டுவிட்டன. அதிபர் ரூஸ்வெல்ட் 1935-ல் கிராம மின்மயமாக்கலுக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கினார், அடுத்த ஆண்டு அதற்குச் சட்டமே வந்தது. அரசு குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்க, விவசாயிகள் ஒன்றுசேர்ந்து அவர்களே கம்பம் நட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய சங்கமான பெடர்னாலஸ் 1938-ல் அப்படி வந்ததுதான். அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தில் இளம் உறுப்பினராக இருந்த, பின்னாளில் அதிபரான லிண்டன் ஜான்சன் அதற்காக முட்டிமோதியிருக்கிறார். இன்று நாடு முழுக்க 900-க்கு நெருக்கமான சங்கங்கள், நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இவற்றின் கம்பிகள்தான்.

சோலார் போட நினைக்கிற நம்மவர்கள் இதில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கூரையிலிருந்து வெளியே போகும் கரண்டுக்கு என்ன விலை என்பதைச் சங்கமே முடிவு செய்கிறது. நாம் அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து அப்படியே கழித்தே ஆகவேண்டும் என்று டெக்சஸில் மாநிலச் சட்டம் எதுவும் இல்லை. வேறு பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருந்தும் கூட்டுறவுகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே கலிஃபோர்னியா நண்பர் சொல்கிற கணக்கும், டாலஸில் மச்சான் போட்ட கணக்கும் நமக்கு உதவாது.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஒருவர் டேப்லெட்டோடு கதவைத் தட்டினார். 'இனி உங்களுக்குக் கரண்ட் பில்லே வராது, அரசுத் திட்டம், முன்பணம் வேண்டாம்' என்று படபடவென்று சொல்லி, கையெழுத்துக்கு விரலைக் காட்டினார். எங்கள் சங்கத்தின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை, அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. தெருக்கோடியில் ஒரு மதுரை அண்ணன் இருக்கிறார், இங்கே வந்து ரொம்ப வருஷமாகிறது. அவரிடம் கேட்டேன். "தம்பி, விக்க வர்றவன்ட்ட எதுக்குக் கேக்குறீங்க? மொதல்ல ஒரு வருஷத்துப் பில்லை எடுத்து வச்சுட்டு சங்கத்துக்கு ஒரு போனைப் போடுங்க" என்றார்.

போன் செய்தேன், பொறுமையாகவே சொன்னார்கள். பல சங்கங்களில் இருக்கிற ஏற்பாடுதான்: மாதாந்திர நிலைக்கட்டணம் எவ்வளவு சோலார் போட்டாலும் போகாது, நாம் வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, நாம் அனுப்பும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த ஒரு விலை. உதாரணத்துக்கு, வாங்குவது 12 சென்ட், அனுப்பினால் 5 சென்ட் என்று வையுங்கள். மதியம் நம் ஏசி எடுத்துக்கொண்ட ஒவ்வொரு யூனிட்டும் 12 சென்ட் மிச்சம். வீட்டில் ஆளில்லாமல் வெளியே போன யூனிட் 5 சென்ட்தான். அப்படியென்றால் கூரை நிறையப் பேனல் போடுவதில் அர்த்தமில்லை, பகலில் நாம் எவ்வளவு இழுக்கிறோமோ அதற்குத் தக்கபடி போட்டால் போதும். விற்க வந்தவர் சொன்னதைவிட நன்றாகவே சிறியதாக, 8 கிலோவாட் போட்டோம். 400 வாட் பேனல் இருபது. இந்த வெயிலுக்கு ஆண்டுக்கு 11,000 யூனிட்டுக்குக் குறையாது.

மீட்டரை மாற்றிவிட்டுப் போனார்கள். புது மீட்டரில் இரண்டு எண்கள் மாறி மாறி வரும், உள்ளே வந்தது ஒன்று, வெளியே போனது ஒன்று. இரண்டாவது எண் சரசரவென்று ஏறினால் நாம் மலிவு விலைக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் வீட்டு வேலைகளின் நேரத்தை மாற்றினோம். கார் சார்ஜ் பகல் பதினொன்றுக்கு, வாட்டர் ஹீட்டரும் பகலில், வெயில் இருக்கும்போதே வீட்டை நன்றாகக் குளிர்வித்துவிட்டு ஆறு மணிக்கு மேல் ஏசியை இரண்டு டிகிரி தளர்த்திவிடுவது. ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டுவதையும் மதியத்துக்கு மாற்றினாள் மனைவி, ஆனால் கிரைண்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வரவே வராது. ஏசி, கார், வெந்நீர், இந்த மூன்றுதான் பில்லைத் தீர்மானிக்கிறவை.

காசு விஷயத்தில் இப்போது வருகிறவர்களுக்குச் சூழ்நிலை மாறிவிட்டது. செலவில் 30 சதவீதத்தை மத்திய அரசு வருமான வரியில் கழித்துக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தச் சலுகையை 2025 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. சொந்தமாக வாங்குகிறவருக்கு இனி அது கிடையாது. வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிகளுக்கு வேறொரு பிரிவில் சலுகை இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது, அதனால் இப்போது கதவைத் தட்டுகிறவர்கள் வாடகை ஒப்பந்தத்தைத்தான் நீட்டுகிறார்கள். அதில் ஆண்டுதோறும் வாடகை ஏறும் என்று ஒரு வரி இருக்கும். இருபது, இருபத்தைந்து வருஷ ஒப்பந்தத்தில் அந்த வரி என்ன செய்யும் என்று ஒரு எக்செல் போட்டுப் பாருங்கள். விசாவில் இருக்கிறவர்கள், வேலை மாறினால் ஊரையே மாற்ற வேண்டியவர்கள், தயவுசெய்து இதில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் அந்த ஒப்பந்தத்தை ஏற்க மாட்டேன் என்றால் சிக்கல் நம் தலையில்தான்.

மாநிலத்தில் நமக்குச் சாதகமான இரண்டு சட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். சோலாரால் வீட்டு மதிப்பு கூடினாலும் அந்தக் கூடுதலுக்குச் சொத்துவரி கிடையாது, ஆனால் தானாக வராது, 50-123 என்ற படிவத்தை மாவட்ட மதிப்பீட்டு அலுவலகத்தில் நாமே கொடுக்க வேண்டும். அப்புறம், 2011 சட்டப்படி குடியிருப்போர் சங்கம் கூரை சோலாரைப் பொதுவாகத் தடுக்க முடியாது. எங்கே வைப்பது, எப்படித் தெரிவது என்பதில் சில நிபந்தனை போடலாம், அவ்வளவே.

கூரையின் வயதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். இங்கே ஆலங்கட்டி மழை கூரையைச் சும்மா விடாது. கூரை மாற்ற நேர்ந்தால் பேனலைக் கழற்றி மறுபடி மாட்டவே சில ஆயிரம் டாலர் ஆகும், அதைக் காப்பீடு ஏற்குமா என்று முன்னாலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிழல் தருகிறது என்று ஓக் மரத்தை வெட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை, கோடையில் அந்த நிழலே பாதி ஏசி. கிளை மட்டும் கழிப்பதென்றாலும் பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை கை வைக்கக் கூடாது, ஓக் வாடல் நோய் பரவும் காலம் அது.

பேட்டரி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸ் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது, 246 பேர் இறந்ததாக மாநிலச் சுகாதாரத் துறையே கணக்குச் சொன்னது. கூரையில் பேனல் இருந்தால் தப்பித்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வெளியே கரண்ட் நின்றால் பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சாதாரண இன்வெர்ட்டரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரியும், வீட்டை வெளிக்கம்பியிலிருந்து பிரிக்கும் சுவிட்சும் இருந்தால்தான் இருட்டில் விளக்கெரியும். ஊரில் மின்வெட்டுக் காலத்து இன்வெர்ட்டர்-பேட்டரியைப் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் விநோதமாக இருக்கும். எங்கள் வீட்டில் இன்னும் பேட்டரி போடவில்லை, விலை அப்படி. வயதான பெற்றோர் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருக்கும் வீடாக இருந்தால் யோசிக்காமல் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

சங்கத்துக்கும் பேட்டரியால் லாபம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாதத்துக்கு ஒருமுறை மாநிலம் முழுக்க மின்தேவை உச்சம் தொடும் அந்தக் கால்மணி நேரத்தில் சங்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்துத்தான் மாநிலத்தின் பெரிய உயர் அழுத்தக் கம்பிகளுக்கான கட்டணத்தில் அடுத்த ஆண்டு அதன் பங்கு முடிவாகிறது. அந்தச் சாயங்காலங்களில் ஆயிரம் வீட்டுப் பேட்டரிகள் கைகொடுத்தால் குறைகிற செலவு எல்லா உறுப்பினருக்கும்தான். சில சங்கங்கள் இதற்குப் பணம் தருகின்றன, எங்கள் சங்கமும் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வாடகை வீட்டில் இருக்கிறீர்களா, கூரை முழுக்க நிழலா? சங்கமே ஒரு வயலில் சோலார் போட்டு அதில் பங்கு தரும் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய அளவில் செய்து காட்டிய கூட்டுறவுகளும் உண்டு. நியூ மெக்சிகோவின் தாவோஸ் பகுதியில் கிட் கார்சன் என்ற சங்கம் 2016-ல் தன் பழைய மொத்த விற்பனையாளரிடமிருந்து பணம் கட்டி விலகி, 2022-ல் நல்ல வெயில் நாள்களில் பகல் தேவை முழுவதையும் சோலாரிலேயே எட்டியது. ஹவாயில் கவாய் தீவுச் சங்கம் சோலாரோடு பேட்டரியைச் சேர்த்து இரவுக்கும் கொண்டுபோகிறது. இரண்டிலும் முடிவெடுத்தது உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த இயக்குநர்கள்தான்.

எங்கள் பகுதியில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, ஆனால் சங்கத் தேர்தல் தாள் வந்தால் விளம்பரத் தபாலோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறவர்கள்தான் அதிகம். குடியுரிமை வேண்டாம், கிரீன் கார்டு வேண்டாம், பில் நம் பெயரில் இருந்தால் போதும், ஓட்டு உண்டு. இந்த முறை நிற்கிறவர்களிடம் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: அனுப்பும் யூனிட்டின் விலையை எந்தக் கணக்கை வைத்துப் போடுகிறீர்கள், அந்தக் கணக்கை உறுப்பினர்களுக்குக் காட்டுவீர்களா?