கிணற்றுக்கட்டிலிருந்து தொங்கிய வரைபு

1987 ஆம் ஆண்டு முழுவதும் யாழ்ப்பாணத்தில் நம் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பு அறையில், கரும்பலகைக்கு இடப்பக்கச் சுவரில், ஒரு நீளக் கடதாசி தொங்கியது. சதுரக்கட்டம் போட்ட கொப்பித் தாள்களைக் கோதுமை மாப் பசை தடவி ஒன்றோடொன்று ஒட்டி நீட்டிய கடதாசி. ஒட்டியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கடதாசியைப் பற்றியும் அதைத் தொங்கவிட்ட கணக்கு ரீச்சரைப் பற்றியும் எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். ரீச்சரின் பெயரை இங்கே எழுதவில்லை. என் காலத்தவர்களுக்குக் 'கிணற்று ரீச்சர்' என்றால் போதும்.

கிணற்றுக்கு முன்னால் கோலம் வந்தது. தைப்பொங்கலை ஒட்டிய கிழமை. மேசைகளை ஓரமாக ஒதுக்கச் சொல்லிவிட்டு, ரீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சிமெந்துத் தரையில் குந்தினார். முதலில் ஒரு புள்ளி. பக்கத்தில் 1, 3, 1 என்று மூன்று வரிசை. அதற்குப் பக்கத்தில் 1, 3, 5, 3, 1. எண்ணச் சொன்னார். 1, 5, 13. "அடுத்த கோலத்துக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு 21 என்றேன். கடைசியாக எட்டுக் கூடியது, ஆகவே இன்னும் எட்டுக் கூடும் என்பது என் கணக்கு. ரீச்சர் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. சோக்கை என் கையில் தந்து, "வைத்துப் பாருங்கோ பிள்ளை" என்றார்.

வைத்தேன். 1, 3, 5, 7, 5, 3, 1. எண்ணினால் 25 வந்தது. மறுபடி எண்ணினேன், அதே 25. வகுப்பே சுற்றி நின்று கூடிய தொகையைப் பார்த்தது. 4, 8, 12. பின்னால் நின்ற ஒருவன் "நாலாம் வாய்ப்பாடு, ரீச்சர்!" என்று கத்தினான். அப்படியானால் அடுத்தது 25உம் 16உம், 41. புள்ளி வைத்து எண்ணினோம். 41 தான். அதன் பிறகு ரீச்சர் என் 25 புள்ளிகளிலும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிவப்புச் சோக்கால் நிறம் மாற்றினார். தலையைச் சரித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகள் நாலுக்கு நாலாக ஒரு சதுரம், அதன் இடைவெளிகளுக்குள் சிவப்புப் புள்ளிகள் மூன்றுக்கு மூன்றாக இன்னொரு சதுரம். 16உம் 9உம். அந்த நிமிடம் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனைக்கும் அம்மா பொங்கலுக்குப் பொங்கல் முற்றத்தில் போடும் கோலம்தான்.

நம் இலங்கைப் பாடநூல்கள் இதை எண்கோலம் என்றே சொல்கின்றன. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'அமைப்புகள்' என்று இருக்கும். எனக்கு நம்முடைய சொல்லே பிடிக்கும், ஏனென்றால் அதைக் கேட்டதும் கை புள்ளி வைக்கத் தயாராகிவிடுகிறது.

அடுத்த திங்கட்கிழமை ரீச்சர் எங்களைப் பாடசாலைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். கையில் ஒரு தும்புக் கயிறு, நுனியில் கட்டிய கல், ஓர் அடிக்கு ஒரு முடிச்சு. கிணற்றுக்கட்டில் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்க, ஒருவர் முடிச்சை எண்ண, ஒருவர் கல் தண்ணீரில் படும் 'தொளக்' சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும். முதல் நாள் 7 அடி. இதையே ஒவ்வொரு திங்களும் செய்தோம், முறை வைத்து நாலு நாலு பேராக. விடுமுறையில் பாடசாலைக்கு அருகில் வீடு உள்ளவர்கள் போய் அளந்து வந்தார்கள்.

முதலில் ஈர்க்குத் துண்டுகளைத்தான் ஒட்டினோம். ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்று ஈர்க்கை முறித்து, கடதாசியின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி ஒட்ட வேண்டும். சில கிழமைகளின் பின்னரே ஈர்க்குப் போய் நிறம் தீட்டிய நிரல்கள் வந்தன. வரைபில் நிரல்கள் நிலத்திலிருந்து மேலே எழும்புவதுதான் வழக்கம். எங்கள் நிரல்கள் தலைகீழாகத் தொங்கின. மேல்விளிம்புதான் கிணற்றுக்கட்டு, ஒவ்வொரு நிரலும் அந்தக் கிழமை இறக்கிய கயிறு. இதை யாரும் எங்களுக்கு விளக்கவே தேவைப்படவில்லை. இன்று ஆசிரியையாக யோசிக்கும்போது, கயிற்றிலிருந்து ஈர்க்குக்கும் ஈர்க்கிலிருந்து நிறக் கட்டத்துக்கும் அவர் எங்களை எவ்வளவு பொறுமையாக நடத்திக்கொண்டு போனார் என்று வியக்கிறேன்.

மழை பெய்த நாள்களுக்கு வரவுக்குறி போட்டோம். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே. "நாலு கதியால் நட்டு ஒரு வரிச்சுக் கட்டுங்கோ" என்பார். வேலி அடைப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

மாசி, பங்குனி, சித்திரை என்று கயிறு நீண்டுகொண்டே போனது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு நமக்கு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் ஊடாக இறங்கும் மழைநீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது, அதைத்தான் நாம் அள்ளிக் குடிக்கிறோம் என்று ரீச்சர் சொன்னது அந்த வரைபின் முன்னால் நின்றுதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை உதாரணம் காட்டினார். அன்று வீட்டுக்குப் போய், வாளியில் மிஞ்சிய தண்ணீரை வீணாக ஊற்றாமல் வாழையடியில் ஊற்றினேன். புலமைப்பரிசில் பரீட்சைக்கு வராத கிணற்றை ஏன் அளக்கிறீர்கள் என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். ரீச்சர் அவர்களையும் வரைபின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஐப்பசி (ஒக்ரோபர்) 5ஆம் திகதி திங்கட்கிழமை 16 அடி. அதுதான் ஆக நீளமான நிரல். இனி மழை தொடங்கும், நிரல் குட்டையாகத் தொடங்கும், எந்தக் கிழமை திரும்பும் என்று எங்களுக்குள் பந்தயம் கூடக் கட்டியிருந்தோம். அந்தக் கிழமை முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. பாடசாலை மூடப்பட்டது. நாங்கள் கோயில் மண்டபத்தில் இருந்தோம். வெளியே மாரி கொட்டியது. இரவில் அந்த மழையைக் கேட்டுக்கொண்டு, இப்போது எத்தனை முடிச்சு இருக்கும் என்று நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மார்கழி (டிசம்பர்) 7ஆம் திகதி நாங்கள் மறுபடி கயிற்றை இறக்கினோம். 9 அடி. வகுப்பில் சில இடங்கள் வெறுமையாக இருந்தன. சுவரிலும் எட்டுக் கிழமை வெறுமை. 16க்கும் 9க்கும் நடுவில் படிப்படியாகக் குறைத்து நிரல்களைத் தீட்டிவிடலாம் என்று நான் நிறப்பென்சிலை எடுத்தேன். மழை பெய்தது எல்லோருக்கும் தெரியும், தண்ணீர் ஏறியதும் தெரியும்.

ரீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எந்தக் கிழமை எவ்வளவு ஏறியது? யாராவது அளந்தீர்களா?"

இல்லை ரீச்சர் என்றோம்.

"அப்படியென்றால் வெள்ளையாக விடுங்கோ. நாங்கள் இங்கே இருக்கவில்லை என்று அது சொல்லட்டும்."

இப்போது நான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபுறோவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். ஒன்ராறியோ 2020 இல் வெளியிட்ட கணிதப் பாடத்திட்டத்தில் தரவு ஒரு தனிப் பிரிவு. கோலங்கள் அட்சரகணிதப் பிரிவுக்குள், முதலாம் வகுப்பிலிருந்தே இருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த ஐஸ்கிரீம் பிடிக்கும் என்று கையுயர்த்தச் சொல்லி நிரல் வரையும் பாடங்கள் எனக்குத் திருப்தி தருவதில்லை. விடை என்னவாக இருந்தாலும் பிள்ளைக்குக் கவலையில்லாத கேள்வியிலிருந்து நல்ல வரைபு பிறக்காது. நாங்கள் மாரிகாலத்தில் பாடசாலை முற்றத்துப் பனியைத் தினமும் காலையில் அடிமட்டம் குத்தி அளக்கிறோம். சனி, ஞாயிறு கட்டங்கள் வெள்ளையாக இருக்கும். நிரப்பட்டுமா என்று ஆண்டுதோறும் ஒரு பிள்ளை கேட்கும். யார் அளந்தது என்று நான் கேட்பேன்.

சுவரில் இருந்த கடதாசி 1995 இடப்பெயர்வின்போது எங்கே போனதோ. என் வகுப்பறைக்காக அதை மறுபடி வரைந்து பார்த்தேன். நிச்சயமாக எனக்கு நினைவிருப்பவை நாலே நிரல்கள்: தையில் 7, நானே கயிறு பிடித்த வைகாசித் திங்கள் ஒன்றில் 11, ஐப்பசியில் 16, மார்கழியில் 9. என்னோடு படித்தவர்கள் யாரிடமாவது அந்த ஆண்டுக் கணக்குக் கொப்பி இருந்தால், பக்கத்தைப் படமெடுத்து நம் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள். மற்றக் கட்டங்களை வெள்ளையாக விட்டிருக்கிறேன்.