ஆனையிறவைக் கடக்கும்போதெல்லாம்

போன கிழமை வவுனியாவில் இருந்து வரும்போது ஆனையிறவில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளை இந்த வழியால்தான் யாழ்ப்பாணத்துக்கு நடத்திவந்து கப்பலேற்றினார்கள். சரி, அந்த யானை இலங்கைக்கு எப்படி வந்தது?

நடந்துதான். யானை வம்சத்தின் மிகப் பழைய எலும்புகள் கிடைத்தது மொரோக்கோவில், வயது ஏறத்தாழ 6 கோடி ஆண்டு. ஆபிரிக்காவும் அராபியாவும் ஆசியாவோடு முட்டி நிலம் தொடுத்த பிறகுதான், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், அதன் வழிவந்தவை இந்தப் பக்கம் பரவத் தொடங்கின. அப்புறம் பனியுகங்களில் கடல் 120 மீற்றர் அளவுக்கு இறங்கியபோது பாக்கு நீரிணை வெறும் தரை, காங்கேசன்துறையில் நாங்கள் கால் நனைக்கும் இடமெல்லாம் மிருகங்கள் நடந்த வழி!

யானை மட்டும் வரவில்லை. இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டும் குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எல்லாவற்றின் எலும்பும் பல்லும் கிடைத்து, இலங்கை விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல அவற்றுக்குப் பெயரும் வைத்தார். இலங்கையில் நீர்யானை இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அதுதான் பெரிய மனவருத்தம்.